கேமரா பார்க்காத கப்பல்: 1918-ஆம் ஆண்டின் போர்க்காலக் கார்ட்டூன் ஒன்றைப் பார்க்கும் முறை

அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1918 ஜூலை மாதத்தில் வெளியிட்ட ‘தி சிங்க்கிங் ஆஃப் தி லூசிட்டானியா’ என்னும் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஏறத்தாழ 12 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் அதைத் தட்டிவிட்டு, கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் பார்த்து முடித்து, ‘பழைய படம், நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள்’ என்று சொல்லி அடுத்ததற்கு நகர்ந்துவிடுபவர்களே மிகுதி. அது பெரிய இழப்பு. முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு பயணிகள் கப்பலின் கடைசி நிமிடங்களை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக ஒரு மனிதர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மேசையில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வோர் அலையையும் ஒவ்வொரு புகைச் சுருளையும் கையால் வரைவித்தும் வரைந்தும், ‘இதுவே அந்நிகழ்வின் முதல் பதிவு’ என்று திரையிலேயே எழுதிக் காட்டினார். வரைந்த படம் ஒன்று தன்னைச் சாட்சியம் என்று அறிவித்துக்கொள்ளும்போது, பார்ப்பவருக்கு இரண்டு வேலைகள் வந்து சேருகின்றன: அந்தக் கையின் திறமையைக் குறைவின்றி வியக்க வேண்டும், அது சொல்லும் செய்தியைக் குறைவின்றிச் சோதிக்கவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமல் இரண்டையும் செய்வதற்கு, எங்கள் சிறிய திரைப்பட வட்டத்தில் பலமுறை காட்டிப் பார்த்து நான் வந்தடைந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை மிகச் சிலவே. லூசிட்டானியா, கியூனார்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் பயணிகள் கப்பல். நான்கு புகைபோக்கிகள் கொண்டது. ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுடையது. 1915 மே 1 அன்று நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்ட அக்கப்பலை, மே 7 அன்று பிற்பகலில், அயர்லாந்தின் தென்கரையில் கின்சேல் முனைக்கு அப்பால், யு-20 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோவால் தாக்கியது. 18 நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 1,198 பேர் இறந்தனர். அவர்களுள் 128 பேர் அமெரிக்கர்கள். முதல்முறை பார்ப்பதற்கு இவ்வளவு போதும். யார் சுட்டார், எத்தனை டார்பிடோ, கப்பலில் என்ன சரக்கு இருந்தது என்பவற்றையெல்லாம் மூன்றாம் முறைக்கு ஒதுக்கி வையுங்கள்; முன்னரே படித்துவிட்டு உட்கார்ந்தால், கண் படத்தைப் பார்க்காது, பிழையைத்தான் தேடும்.

ஒரே ஒரு பின்னணியை மட்டும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன், அதுவும் தமிழ் வாசகருக்கு அது அந்நியமானதாக இராது என்பதால். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசிய ‘எம்டன்’ இதே போரில், இதே ஜெர்மானியக் கடற்படையைச் சேர்ந்த போர்க்கப்பல். வணிகக் கப்பல்களை மறித்து, அவற்றில் இருந்தவர்களை இறக்கிப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டுப் பிறகு மூழ்கடித்ததால் அதன் கேப்டன் ஃபான் முல்லருக்குப் பகைவரிடத்திலும் நற்பெயர் இருந்தது. கெட்டிக்காரனையும் அஞ்சத்தக்கவனையும் ‘அவன் எம்டன்’ என்று நாம் சொல்லும் வழக்கு அங்கிருந்து வந்ததே. கடற்போரில் அந்த மறித்து இறக்கும் வழக்கம் நிலவிய காலத்திலிருந்து, 1915 பிப்ரவரியில் பிரிட்டனைச் சுற்றிய கடல் முழுவதையும் போர்ப் பகுதியாக ஜெர்மனி அறிவித்து, எச்சரிக்கையின்றியும் தாக்கலாம் என்ற நிலைக்கு வந்ததற்கு இடையில் சில மாதங்களே கழிந்திருந்தன. அந்த மாற்றத்தின் அதிர்ச்சி தெரிந்தால்தான், மெக்கேயின் படத்தில் கொதிக்கும் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

பிரதியைத் தேர்ந்தெடுத்தல்

படம் அமெரிக்காவில் பதிப்புரிமை கடந்துவிட்டது. எனவே விக்கிமீடியா காமன்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடங்களில் இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கிறது. ஆனால் கிடைக்கும் பிரதிகள் எல்லாம் ஒன்றல்ல. பிற்காலத்தவர் இசை சேர்த்தவை உண்டு, வேகம் கூட்டப்பட்டவை உண்டு, முன்னுரைப் பகுதி வெட்டப்பட்டவையும் உண்டு. முன்னுரை இருக்கும் பிரதியையே எடுங்கள். மௌனப் படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 18 ஃபிரேம் (படச்சுருளின் தனித்தனிப் படம்) வரை ஓட்டுவது வழக்கம் என்பதால், அதை இக்காலத்து 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: தொடக்கத்தில் வரும் உண்மை மனிதர்கள் அறைக்குள் நடந்து, தாள்களை எடுத்து வைக்கும் காட்சியைப் பாருங்கள். அவர்களுடைய கை அசைவு இயல்பாகத் தோன்றும் வரை பிளேயரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் முக்கால் வேகத்தில் அது பொருந்திவிடும். அந்த வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் பாருங்கள். அப்போதுதான் கப்பல் தன் எடையோடு சாயும். வேகம் கூடிய பிரதியில் அது ஒரு பொம்மைப் படகு போலக் கவிழ்ந்துவிடுகிறது. இசையை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். எங்கெங்கோ எடுத்து ஒட்டிய சோக இசை, அழ வேண்டிய இடத்தை முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் முறை

விளக்கை அணைத்துவிட்டு, இயன்றவரை பெரிய திரையில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். யாரும் பேச வேண்டாம். படம் முடிந்தவுடன், ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் கண்ணில் நிற்கும் ஒரே ஒரு காட்சியை இரண்டு வரிகளில் எழுதுங்கள். இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் பேச்சு முழுவதற்கும் இதுவே அடித்தளம். எங்கள் வட்டத்தில் சிலர் தாயையும் குழந்தையையும் எழுதினார்கள், சிலர் திரையையே மூடிக்கொண்டு எழும்பும் புகையை எழுதினார்கள், ஓவியம் பயிலும் ஒரு பெண் டார்பிடோவைக் கண்டு விலகியோடும் மீன்களை எழுதினார். மூவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். எது தைத்தது என்பதைத் தாளில் பதித்துவிட்டால், அது ஏன் தைத்தது என்று இரண்டாம் முறை தேடுவதற்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

இரண்டாம் முறை: கையைத் தேடுதல்

இம்முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். யூடியூபில் என்றால், படத்தை நிறுத்திவிட்டு விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னும், காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னும் நகரும். தரவிறக்கிய கோப்பாக இருந்தால் வி.எல்.சி. போன்ற பிளேயர்களிலும் ஃபிரேம் ஃபிரேமாக முன்னே நகர்த்தும் வசதி உண்டு.

முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். அதில் மெக்கே லூசிட்டானியாவின் படம் ஒன்றை உற்றுப் பார்க்கிறார். பெர்லினில் செய்தியாளராக இருந்த அகஸ்டஸ் பீச் என்பவர் அவருக்கு விவரங்களைச் சொல்கிறார். பெயர் சொல்லப்படாத உதவியாளர்கள் மேசைகளில் வேலை செய்கிறார்கள். அனிமேஷன் கார்ட்டூனைத் தோற்றுவித்தவரே மெக்கேதான் என்று, காட்சிகளுக்கு இடையே திரையில் வரும் எழுத்து அட்டை பெருமையோடு சொல்கிறது. இது உண்மையன்று: ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-லும், பிரான்சில் எமில் கோல் 1908-லும் வரைபடங்களை அசைய வைத்துவிட்டார்கள். மெக்கேயின் முதல் அசைபடம் வந்தது 1911-ல்தான். ஆயினும் இந்தப் பெருமைப் பேச்சை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். ‘நான் காட்டப்போவது வரைந்தது, வரைந்தவன் நான், சொன்னவர் இவர்’ என்று படம் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது. பிறகு சிறிது நேரத்திலேயே ‘பதிவு’ என்ற சொல்லுக்கு மாறுகிறது. அந்த மாற்றம் நிகழும் அட்டையைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்துங்கள். என் பார்வையில் படத்தின் மிக முக்கியமான இடம் அதுவே.

முன்னுரை மற்றோர் எண்ணையும் தருகிறது: 25,000 வரைபடங்கள். இதைக் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 12 நிமிடம் என்பது 720 நொடி. நொடிக்கு 16 ஃபிரேம் என்றால் மொத்தம் 11,520 ஃபிரேம். அதிலும் முன்னுரையும் எழுத்து அட்டைகளும் வரைபடம் அல்ல. அப்படியானால் 25,000 எங்கிருந்து வந்தது? ஒரு ஃபிரேமில் ஒரே ஒரு வரைபடம்தான் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதே சிக்கல். மெக்கே இந்தப் படத்தில்தான் முதன்முதலாக ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள்களைப் பயன்படுத்தினார். வானம் ஒரு தாளில், கப்பல் ஒரு தாளில், அலை ஒரு தாளில் என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் பிடித்தால், ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு மூன்று வரைபடங்கள் அடங்கிவிடும். மறுபுறம், ஒரே அலைத் தாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பதால் எண்ணிக்கை குறையவும் செய்யும். கணக்கு ஓர் எண்ணில் வந்து முடியாது. ஆனால் அதைப் போட்டுப் பார்ப்பவருக்குப் படம் எப்படிக் கட்டப்பட்டது என்பது எந்த விளக்கத்தையும்விட நன்றாக விளங்கிவிடும்.

செல்லுலாய்டின் அருமை தெரிய வேண்டுமானால், அவருடைய முந்தைய படமான 1914-ஆம் ஆண்டின் ‘கெர்ட்டி’ என்னும் டைனோசர் படத்தைச் சில நிமிடங்கள் பாருங்கள். அதில் பாறையும் மரமும் ஏரியும் நடுங்கிக்கொண்டே இருப்பதைக் காணலாம். மெல்லிய ரைஸ் பேப்பரில் வரைந்ததால், விலங்கு அசையும் ஒவ்வொரு முறையும் பின்னணி முழுவதையும் மறுபடி படியெடுத்து வரைய வேண்டியிருந்தது. அந்தப் படியெடுக்கும் வேலையைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்னும் இளைஞர். எந்தக் கையாலும் ஒரே கோட்டை ஆயிரம் முறை அதே இடத்தில் இழுக்க முடியாது என்பதே அந்த நடுக்கத்துக்குக் காரணம். பின்னணியை ஒருமுறை வரைந்துவிட்டு மேலே தாளை மட்டும் மாற்றும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் 1914-ல் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். அந்த உத்தி லூசிட்டானியாவில் அடிவானத்தை அசையாமல் நிறுத்திவிட்டது. அடிவானம் அசையாமல் நின்றால்தான் கப்பலின் சாய்வை நம்மால் அளக்க முடியும்; இப்படத்தின் அச்சம் முழுவதும் அந்த ஒரு நேர்கோட்டின் மேல் நிற்கிறது.

அதே ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்கு இப்படத்தில் வந்த வேலை அலை. 16 வரைபடங்கள் கொண்ட அலைத் தொடர் ஒன்றை அவர் வரைந்தார். பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுழலும்படி அது அமைக்கப்பட்டது. அந்தச் சுழற்சியை நீங்களே பிடித்துப் பார்க்கலாம். கணினித் திரையின் மேல் ஓ.எச்.பி. தாள் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி, கடல் அகலமாகத் தெரியும் காட்சியில் நிறுத்தி, ஏதாவது ஓர் அலையின் முகட்டை மார்க்கரால் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, கோட்டின் மேல் அதே முகடு, அதே நுரைக் கீற்றோடு வந்து உட்காரும் வரை காத்திருங்கள். டிஜிட்டல் பிரதிகளில் ஒரே ஃபிரேம் இருமுறை வருவது வழக்கமாகையால் ஃபிரேமை எண்ணாதீர்கள், வரைபடம் மாறும் தருணங்களை மட்டும் எண்ணுங்கள். எல்லாக் காட்சியிலும் இது கைகூடாது; கைகூடும் காட்சியில், கடல் ஒரு சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருக்க அதன் மேல் கப்பல் மட்டும் திரும்பி வராத பாதையில் போவதைக் காண்பீர்கள். இதை முதன்முதலில் கண்டுகொண்ட அன்று நான் நெடுநேரம் திரையை நகர்த்தவில்லை.

புகைக்கு வருவோம். டார்பிடோ தாக்கிய இடத்திலிருந்து எழும் புகையை ஐந்து நொடி எடுத்துக்கொண்டு, மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். அது வெறும் சாம்பல் நிறப் படலமாக இல்லை. ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனியே விளிம்புக் கோடு இருக்கிறது. சுருள் தனக்குள் மடிந்து, மடிப்பிலிருந்து இன்னொரு சுருள் முளைத்து, பெருகிப் பெருகி முடிவில் திரை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. நாளிதழ்க் கேலிச்சித்திரக்காரரின் பேனா இங்கே நன்றாகத் தெரியும். புகையை நிழலாகப் பூசியிருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். கோடாக வரைந்ததால்தான் அதற்கு ஓர் உயிர்ப்பிராணியின் தன்மை வந்து, கப்பலைத் தின்னும் ஒன்றாக அது மாறுகிறது.

அடுத்து, நாம் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். காட்சிகளில் பெரும்பகுதி தூரத்தில், கடல் மட்டத்தில் நிற்கும் ஒருவருடைய பார்வையாக வரையப்பட்டிருக்கிறது. கப்பலின் விளிம்பிலிருந்து மனிதர்கள் எறும்புகளைப் போல, கரும்புள்ளிகளாக உதிர்கிறார்கள். உயிர்காப்புப் படகுகள் தொங்கிக் கவிழ்கின்றன. எவருடைய முகமும் தெரிவதில்லை. செய்திப்படக் கேமரா ஒன்று பக்கத்துக் கப்பலில் இருந்திருந்தால் இப்படித்தான் எடுத்திருக்கும் என்று மெக்கே எண்ணி வரைந்திருக்கிறார். அந்த வேடத்தை அவர் எங்கெல்லாம் மீறுகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். டார்பிடோவைக் கண்டு மீன்கள் விலகுவது முதல் மீறல். எந்தச் செய்திப்படக் கேமராவும் அதை எடுத்திருக்க முடியாது. கடைசி மீறல், தண்ணீருக்குள் அமிழும் தாய் தன் குழந்தையை மட்டும் மேலே தூக்கிப் பிடிக்கும் காட்சி. அதுவரை தூரத்தில் நிறுத்தி வைத்திருந்த நம்மை அவர் திடீரென்று கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். பத்து நிமிடம் புள்ளிகளைக் காட்டிவிட்டு ஒரே ஒரு மனித உருவத்தைக் காட்டும் அந்தக் கணக்கு மிகத் துல்லியமானது.

மூன்றாம் முறை: சொல்லைச் சோதித்தல்

இப்போது எழுத்து அட்டைகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் படியெடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், அது கண்ணால் கண்டதா, கேட்டதா, கருத்தா என்று குறியுங்கள். படத்தைப் பார்க்கும்போது ஒரே குரலாகக் கேட்டது, தாளில் வந்ததும் மூன்று குரல்களாகப் பிரியும்.

டார்பிடோவின் எண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் கப்பல் இருமுறை தாக்கப்படுகிறது. யு-20 நீர்மூழ்கியின் கேப்டன் வால்தர் ஷ்வீகரின் நாட்குறிப்போ ஒரே ஒரு டார்பிடோவைத்தான் பதிவு செய்கிறது; அதை அடுத்து மிகப் பெரிய இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்ததாகவும் சொல்கிறது. இதனால் மெக்கே பொய் சொன்னார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1915-ல் பிரிட்டனில் மெர்சி பிரபு நடத்திய விசாரணையே ஒன்றுக்கு மேற்பட்ட டார்பிடோ என்றுதான் முடிவு கூறியது. அன்றைய அமெரிக்க வாசகர் எவரும் அதையே நம்பியிருப்பார். அந்த இரண்டாவது வெடிப்புக்கு நிலக்கரித் தூசியா, கொதிகலனா, சரக்கில் இருந்த வெடிபொருளா காரணம் என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

சரக்கு என்றதும் நினைவில் கொள்ள வேண்டியது: கப்பலில் ஏறத்தாழ 42 இலட்சம் துப்பாக்கித் தோட்டாக்கள் ஏற்றப்பட்டிருந்தன என்பது சரக்குப் பட்டியலிலேயே உள்ளது. கப்பல் புறப்பட்ட அன்றே, போர்ப் பகுதியில் பிரிட்டிஷ் கப்பல்களில் பயணம் செய்பவர்கள் தம் சொந்தப் பொறுப்பிலேயே செல்கிறார்கள் என்று ஜெர்மானியத் தூதரகத்தின் எச்சரிக்கை நியூயார்க் நாளிதழ்களில் வெளியானது. படம் தோட்டாக்களைக் காட்டவில்லை. இவற்றைச் சேர்த்துச் சொல்வதால் 1,198 பேரின் சாவு சிறிதும் நியாயமாகிவிடாது. அவர்களுள் எவரும் தோட்டா சுமக்கவில்லை. ஆனால் படம் எதைக் காட்டாமல் விட்டது என்பது தெரியாமல், எதைக் காட்டியது என்பதன் எடை நமக்குத் தெரியாது.

இறந்த புகழாளர்களின் உருவப்படங்கள் வரும் இடத்தில் சற்றே நிறுத்துங்கள். கோடீசுவரர் ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட், நாடகத் தயாரிப்பாளர் சார்லஸ் ஃபுரோமன், எழுத்தாளர் எல்பர்ட் ஹப்பர்டு போன்றோர் பெயரும் முகமுமாகத் தோன்றுகிறார்கள். மற்றவர்கள் புள்ளிகள். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தவர்களுக்கும், அடித்தளத்தில் நிலக்கரி தள்ளியவர்களுக்கும் முகம் கிடைக்கவில்லை. அன்றைய நாளிதழ்கள் செய்ததையே மெக்கேயும் செய்தார் என்றாலும், முகமற்ற அந்தத் தாயைக் கடைசியில் அவர் வரைந்தது இந்தக் குறையை அவருடைய கை உணர்ந்ததனாலோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கடைசி அட்டைதான் கடினமானது. சுட்டவனுக்கு ஜெர்மானியப் பேரரசரான கைசர் பதக்கம் அளித்தார், இருந்தும் ஹூணர்களை (அதாவது ஜெர்மானியரை) வெறுக்க வேண்டாம் என்கிறார்களே என்ற பொருளில் அது முடிகிறது. இதில் தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். ஷ்வீகருக்கு ஜெர்மனியின் உயர்ந்த போர்ப் பதக்கம் கிடைத்தது 1917 ஜூலையில், அதாவது இரண்டாண்டுகளுக்குப் பிறகு. அது அவர் மூழ்கடித்த மொத்தக் கப்பல்களின் எடைக்காகக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய நீர்மூழ்கி கடல் கண்ணியில் சிக்கி, அவரும் அதனோடு மூழ்கினார். படம் திரைக்கு வந்தபோது அவர் இறந்து பத்து மாதங்களாகிவிட்டன. ‘ஹூணர்’ என்ற வசைக்கும் ஒரு வரலாறு உண்டு: 1900-ல் சீனாவுக்கு அனுப்பிய தன் படையிடம் பேசிய கைசர் வில்ஹெல்மே, பழைய ஹூணர்களைப் போல அச்சத்தை விதைக்குமாறு சொன்னார்; அச்சொல்லைப் போர்க்காலத்தில் நேசநாடுகள் எடுத்து அவர் மக்கள் எல்லார் மீதும் எறிந்தன.

மெக்கேயின் நிலையையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் வில்லியம் ரேண்டால்ஃப் ஹர்ஸ்டின் நாளிதழ் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வரைந்தவர். ஹர்ஸ்ட் அமெரிக்கா போரில் இறங்குவதை எதிர்த்தார். எனவே பகலில் போருக்கு எதிரான தலையங்கங்களுக்குப் படம் வரைய வேண்டிய நிலை மெக்கேக்கு. தம் மனத்தில் இருந்ததை, தம் சொந்தப் பணத்தில், ஓய்வு நேரத்தில், இந்தப் படத்தில் வரைந்தார். பணி நீண்டு முடிவதற்குள் 1917 ஏப்ரலில் அமெரிக்காவே போரில் இறங்கிவிட்டது. மக்களைப் போருக்கு அழைக்கும் படமாகத் தொடங்கியது, போருக்குப் போய்விட்ட மக்களிடம் வந்து சேர்ந்தது. இதை அறிந்தபின் கடைசி அட்டையை மறுபடி படித்தால், அது எவருக்கோ சொல்லும் மறுமொழியாக ஒலிக்கும்.

பின்னாளைய போர்க் கார்ட்டூன்களோடு ஒப்பிட விரும்பினால், டிஸ்னியின் 1929-ஆம் ஆண்டு ‘தி பார்ன்யார்டு பேட்டில்’, வார்னர் வெளியிட்ட 1931-ஆம் ஆண்டு ‘போஸ்கோ தி டோபாய்’ ஆகிய இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் போதும். அவற்றில் போர் வேடிக்கையாகிவிடுகிறது. குண்டு துளைத்த உடல் மறுநொடியில் எழுந்து ஆடுகிறது. மெக்கேயின் கப்பலில் விழுந்தவர் எவரும் எழுவதில்லை.

அலையை நீங்களே வரைந்து பார்த்தல்

ஒரு பிற்பகல் செலவிட முடியுமானால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். ஸ்டேஷனரிக் கடையில் ஏ4 அளவு ஓ.எச்.பி. தாள் இருபது வாங்குங்கள். சாதாரண பன்ச்சால் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இரண்டு துளையிட்டு, அந்தத் துளைக்குள் பிசகாமல் நுழையும் இரண்டு மரக் குச்சிகளை 8 செ.மீ. இடைவெளியில் ஓர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்; தாள் நகராமல் இருப்பதற்கு இது போதும். முகட்டுக்கு முகடு 16 செ.மீ. இருக்கும்படி முதல் அலையை வரையுங்கள். ஒவ்வோர் அடுத்த தாளிலும் அதை 1 செ.மீ. வலப்புறம் நகர்த்தி வரைந்துகொண்டே போனால், பதினேழாவதாக வர வேண்டியது முதல் தாளாகவே இருக்கும். கோட்டை முன்பக்கத்திலும், அலைக்குக் கீழுள்ள நீர்ப்பகுதிக்கான வெள்ளையைப் பின்பக்கத்திலும் பூசுங்கள். போஸ்டர் கலர் பிளாஸ்டிக்கில் உரிந்துவிடும், அக்ரிலிக் நிற்கும். மீதித் தாள்களில் கப்பலைச் சிறிது சிறிதாகக் கூடும் மூன்று நான்கு சாய்வுகளில் வரையுங்கள். கீழே அடிவானம் வரைந்த காகிதம், அதன் மேல் கப்பல், எல்லாவற்றுக்கும் மேல் அலை என்று அடுக்கி, புத்தகங்களின் மேல் அசையாமல் வைத்த கைப்பேசியால் ஒவ்வொன்றாகப் படம் பிடியுங்கள். நொடிக்கு 8 படம் என ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2 நொடி கிடைக்கும். நான்கு சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கப்பல் தாளை மட்டும் மாற்றினால், எட்டு நொடிக் கடலும் அதில் சாயும் கப்பலும் உங்களுக்குச் சொந்தம். என் முதல் முயற்சியில் ஏழாவது தாளுக்கும் எட்டாவது தாளுக்கும் இடையில் அலை ஒரு துள்ளு துள்ளியது. அளவுகோலை வைக்காமல் கண்ணளவில் நகர்த்தியதே காரணம்.

பிறருக்குத் திரையிடுதல்

எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒருவர் திரைக்கருகில் நின்று அவற்றைத் தமிழில் சொல்வதே சிறந்தது. தமிழகத்து மௌனப்பட அரங்குகளில் அட்டைகளை உரக்கப் படித்துக் கதை விளக்குபவர்கள் இருந்தார்கள். அந்த மரபு இப்படத்துக்கு மிகவும் பொருந்துகிறது. சொல்பவர் நடிக்காமல், ஏற்ற இறக்கமின்றி, செய்தி வாசிப்பவரைப் போலச் சொல்ல வேண்டும். கடைசி அட்டையின் கடுமையை மொழிபெயர்ப்பில் மென்மையாக்காதீர்கள். வெறுப்பு வெறுப்பாகவே கேட்கட்டும், அதைப் பற்றிப் பேசுவதற்கு அதன் பிறகு நேரம் இருக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருந்தால், தாயும் குழந்தையும் வரும் காட்சி உண்டு என்பதைப் பெற்றோரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். கார்ட்டூன் என்ற சொல்லை நம்பி அவர்கள் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அட்டை மறைந்ததும் விளக்கைப் போடாதீர்கள். படத்தை மறுபடி தொடக்கத்துக்கு இழுத்து, மேசைகளும் அடுக்கிய தாள்களும் பெயரில்லாத உதவியாளர்களும் தெரியும் அந்தச் சில நொடிகளை ஒலியின்றி இன்னொரு முறை ஓடவிடுங்கள். முதலில் பார்த்தபோது எவரும் கவனிக்காத அந்தக் கைகளை இம்முறை அரங்கம் முழுவதும் உற்றுப் பார்க்கும்.